சரக்கு வண்டியின் அச்சும் பேரிங்கும்

கடைக்கு வந்து இறங்கும் மூட்டையில் அரைக் கிலோ குறைந்தால் நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. தராசுக்கு முத்திரை வைக்க வேண்டிய தேதியையும், உரிமம் புதுப்பிக்க வேண்டிய தேதியையும் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறோம். ஆனால் அந்த மூட்டைகளைச் சுமந்து வரும் வண்டியின் சக்கர பேரிங்கிற்குக் கடைசியாக எப்போது கிரீஸ் வைத்தோம் என்று யாராவது கேட்டால் பதில் வருவதில்லை. "டிரைவருக்குத் தெரியும்" என்கிறோம். டிரைவரைக் கேட்டால் "ஒர்க் ஷாப்பில் பார்த்திருப்பார்கள்" என்கிறார். ஒர்க் ஷாப்காரரோ, "நீங்கள் சொல்லவில்லையே அண்ணாச்சி" என்கிறார். மூவரும் பொய் சொல்லவில்லை. பேரிங் மட்டும் வறண்டு கிடக்கிறது.

ஒரு காலத்தில் இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமாக இருந்தது. கோட்டாற்றிலோ மார்த்தாண்டத்திலோ சரக்கெடுத்து, நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து வாடகை லாரியில் ஏற்றிவிடுவோம். வண்டியின் பழுது வண்டிக்காரர் பாடு. 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வந்து, நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயரும் வைத்த பிறகு நிலைமை மாறிவிட்டது. இன்று மளிகை, காய்கறி, வாழைக்குலை வியாபாரிகளில் பலரிடம் சொந்தமாக ஒரு சிறு லாரியோ, மூன்று சக்கர லோடு ஆட்டோவோ நிற்கிறது. செங்கல், மரம், தேங்காய் என்று கனத்த சரக்கு பார்ப்பவர்களிடம் டிராக்டரும் டிரெய்லரும் இருக்கின்றன. வண்டி நம்முடையதாகிவிட்டபடியால் அதன் பழுதும் நம்முடையதாகிவிட்டது. ஆகவே இந்த இதழில் சக்கரத்தின் உள்ளே இருப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். வணிகர் யாரும் கையில் ஸ்பானர் பிடிக்க வேண்டும் என்பதல்ல நம் நோக்கம். மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும், அவர் செய்வது சரியா என்று தெரிந்தால் போதும்.

சக்கரத்தின் உள்ளே

மாட்டு வண்டியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. வண்டிக்கு அடியில் குறுக்கே கிடப்பது இருசு. சக்கரத்தின் நடுவே இருப்பது குடம். குடத்துக்குள் இருசு நுழைந்து, வெளியே அச்சாணியால் தடுக்கப்பட்டிருக்கும். இரும்போடு இரும்பு நேரே உரசும். அதனால்தான் வண்டிக்காரர் வைக்கோல் கரியையும் எண்ணெயையும் குழைத்த மையைக் குடத்துக்குள் அப்பிக்கொண்டே இருப்பார். மை தீர்ந்தால் வண்டி கிறீச்சிடும். ஊரே திரும்பிப் பார்க்கும்.

மோட்டார் வண்டியிலும் கதை இதேதான். இருசுக்கு ஆக்சில் என்றும், குடத்துக்கு ஹப் என்றும் பெயர் மாறியது. உரசும் இடத்தில் மட்டும் பெரிய மாற்றம் வந்தது. ஹப்புக்குள் இரண்டு பேரிங்குகள் இருக்கின்றன: உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. ஹப்போடு இறுகப் பதிந்திருக்கும் வெளி வளையத்துக்குக் கப் என்றும், ரோலர்களோடு சேர்ந்து அச்சின் முனையில் நுழையும் உள் வளையத்துக்குக் கோன் என்றும் பெயர். ரோலர்கள் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். இந்தச் சாய்வுதான் அதன் உயிர்நாடி. வண்டி நேரே போகும்போது பாரம் மேலிருந்து கீழே அழுத்துகிறது. திருப்பத்தில் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. சாய்ந்த ரோலர் இரண்டையும் தாங்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி செய்து விற்ற ஹென்றி டிம்கன் என்பவர், திருப்பத்தில் சக்கரம் படும் இந்தப் பாட்டைக் கண்டு இவ்வகை பேரிங்கிற்கு 1898-இல் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டிக்கு வந்த இந்த பேரிங்கின் பூர்வீகமே குதிரை வண்டிதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

ஹப்பின் உள்பக்கத்தில் கிரீஸ் வெளியே வழியாமலும், தண்ணீரும் மண்ணும் உள்ளே வராமலும் தடுக்க ஒரு ரப்பர் சீல். வெளிப்பக்கத்தில் வாஷர், நட்டு, அந்த நட்டு சுழலாமல் பிடிக்க ஒரு காட்டர் பின், கடைசியாகத் தூசு மூடி. அவ்வளவே. முழுச் சக்கரத்தையும் வண்டியோடு பிடித்து வைத்திருப்பது அந்த நட்டும் சிறு பின்னும்தான்.

எல்லா வண்டியும் இந்த அமைப்பில் இருப்பதில்லை. புதிதாக வரும் வண்டிகள் சிலவற்றில் பேரிங் முழுவதும் மூடிய ஒரே துண்டாக வருகிறது. அதைப் பிரிக்கவும் முடியாது, கிரீஸ் வைக்கவும் முடியாது. சத்தம் வந்தால் மாற்ற வேண்டியதுதான். சிறு வண்டிகள் பலவற்றின் பின்பக்கத்தில் எஞ்சின் விசையைக் கொண்டுவரும் அச்சுத் தண்டே பாரத்தையும் தாங்குகிறது. அது முறிந்தால் சக்கரம் டிரம்மோடு வெளியே வந்துவிடும். பெரிய லாரிகளில் பாரத்தை வெளிக்குழல் தாங்கிக்கொள்ளும்; தண்டு சுற்றுவதோடு சரி; அது முறிந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும். நம் வண்டி எந்த வகை என்று மெக்கானிக்கிடம் ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

டிராக்டர் டிரெய்லரைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. அதற்கு எஞ்சின் இல்லை. ஆயில் மாற்ற வேண்டியதில்லை. ஆகவே 'சர்வீஸ்' என்ற பேச்சே எழுவதில்லை. மேல்நாடுகளில் காரின் பின்னால் ஒரு சிறு வீட்டையே கோத்து இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். அந்த வீட்டு டிரெய்லரும் நம் செங்கல் டிரெய்லரும் ஒரே ஜாதி. இரண்டிலும் பராமரிக்க இருப்பது அச்சு, பேரிங், பிரேக், டயர் இவை மட்டுமே. அங்கே அச்சு தயாரிப்பவர்கள் 12 மாதம் அல்லது 12,000 மைல், அதாவது சுமார் 19,000 கிலோமீட்டர், இதில் எது முந்துகிறதோ அப்போது பேரிங்கைப் பிரித்துக் கழுவிப் புதுக் கிரீஸ் வைக்கச் சொல்கிறார்கள். உல்லாசப் பயணத்துக்கே அந்தக் கணக்கென்றால், தினமும் பாரம் சுமக்கும் வண்டிக்கு எந்தக் கணக்கு என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

பாரத்தின் கணக்கு

வணிகருக்குக் கணக்குச் சொன்னால்தான் மனதில் நிற்கும். எனவே இதைக் கொஞ்சம் கவனமாகப் பார்ப்போம்.

12 அங்குலச் சக்கரம் உள்ள ஒரு சிறு லாரி ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.7 மீட்டர் நகரும். ஒரு கிலோமீட்டருக்கு 590 சுற்று. கருங்கலிலிருந்து நாகர்கோவில் போய்ச் சரக்கெடுத்துத் திரும்புவது 50 கிலோமீட்டர் என்று வைத்தால், ஒரு நடைக்கு ஒவ்வொரு சக்கரமும் கிட்டத்தட்ட 30,000 சுற்று சுற்றுகிறது. பேரிங்கின் ஆயுளை அதன் தயாரிப்பாளர்கள் சுற்றுக் கணக்கில்தான் சொல்கிறார்கள். அந்தச் சுற்றுக்கும் பாரத்துக்கும் உள்ள உறவு நாம் நினைப்பது போல நேர்க்கோட்டில் போவதில்லை. பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகும் என்று நினைக்கிறோம். ரோலர் பேரிங்கில் அது பத்தில் ஒரு பங்காகிவிடும். பாரம் ஒன்றரை மடங்கானால் ஆயுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. 20 சதவீதம் மட்டும் கூடினாலும் ஆயுள் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேரிங்கின் மேல் உட்காருவது சரக்கு மட்டுமல்ல, வண்டியின் சொந்த எடையும்தான். 750 கிலோ ஏற்ற அனுமதியுள்ள, பாரத்தோடு மொத்தம் 1,550 கிலோ நிற்கும் ஒரு சிறு வண்டியை எடுத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டையாக 15 மூட்டை அதன் கணக்கு. "ஒரு நடை மிச்சம்" என்று 25 மூட்டை ஏற்றினால் மொத்த எடை 2,050 கிலோ. வண்டி முழுவதற்கும் பார்த்தால் 32 சதவீதம் கூடுதல். ஆனால் ஏற்றும் சரக்கில் பெரும்பகுதி பின் அச்சின் மேல்தான் இறங்குகிறது; ஆகவே பின் பேரிங்குகளுக்குக் கூடுதல் இதைவிட அதிகம். அவற்றின் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். மிச்சம் பிடித்த ஒரு நடை டீசலை, பேரிங்கிலும் டயரிலும் கமான் பட்டையிலும் திருப்பிக் கொடுக்கிறோம்.

சாலைக் குழியில் இறங்கும்போது இந்த எடை அடியாக விழுகிறது. கப்பின் வழவழப்பான பாதையில் ரோலர்கள் பள்ளம் பதித்துவிடும். ஒரு முறை பதிந்த பள்ளம் ஆறுவதில்லை. அங்கிருந்து உலோகம் செதில் செதிலாக உரியத் தொடங்கும்.

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது அரசர்களுக்காக. ஆயினும் நம் வண்டிக்கும் அது பொருந்தும். சட்டமும் இதைச் சொல்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்றும், மிகுதியை இறக்கும் செலவும் நம் தலையில் என்றும் இருக்கிறது. விபத்து நடந்துவிட்டால் காப்பீட்டுக் கம்பெனிக்காரர் கேள்வி கேட்க ஒரு வாசலும் திறந்துவிடுகிறது.

மூட்டையை அடுக்கும் விதத்திலும் கவனம் தேவை. சுமட்டுத் தொழிலாளர்கள் அவசரத்தில் ஒரே பக்கமாக அடுக்கிவிட்டால், மொத்த எடை சரியாக இருந்தும் அந்தப் பக்கத்துப் பேரிங் தன் பங்குக்கு மேல் சுமக்கிறது. எண்ணெய் டின், சர்க்கரை, உப்பு போன்ற கனமான சரக்கு நடுவிலும் இரு பக்கமும் சமமாகவும் இருக்கட்டும். வற்றல், அப்பளம், பிஸ்கட் பெட்டி பக்கத்தில் போகட்டும்.

தண்ணீரும் உப்பும்

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. இடவப்பாதியும் பெய்யும், ஐப்பசி கார்த்திகையும் பெய்யும். 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தின் பல பகுதிகளில் சாலையே குளமானதை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட தண்ணீரில் வண்டி ஓடும்போது நாம் கவலைப்படுவது எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடுமோ என்றுதான். ஹப்பை யாரும் நினைப்பதில்லை.

ஓடி வந்த வண்டியின் ஹப் சூடாக இருக்கும்; அதற்குள் இருக்கும் காற்றும் சூடாகி விரிந்திருக்கும். அந்த நிலையில் சக்கரம் தண்ணீரில் இறங்கினால் ஹப் சட்டென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப வெளியே இருந்து எதையாவது இழுக்கும். சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது. கிரீஸ் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறி, பசைத்தன்மை இழந்து, சில வாரங்களில் ரோலர்களில் துரு பிடிக்கும். படகு ஏற்றும் டிரெய்லர்களைத் தண்ணீருக்குள் இறக்கும் நாடுகளில் இது அன்றாடப் பிரச்சினை.

ஆகவே ஹப் மூழ்கும் அளவு தண்ணீரில் வண்டி நின்றாலோ ஓடினாலோ, ஆண்டுக் கணக்கைப் பார்க்காமல் அந்த வாரமே பிரித்துப் பார்ப்பதுதான் முறை. வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் வேகமான தண்ணீர்க் குழாயை ஹப்பின் பின்பக்கச் சீலின் மேல் நேராகப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். சக்கரம் சூடாக வந்தவுடன் கழுவுவதும் ஆகாது.

கடற்கரை நமக்கு வெகு தூரமில்லை. மிடாலம், குறும்பனை, இனயம் பக்கம் நடை போகும் வண்டிகளுக்கு உப்புக் காற்று ஒரு சத்துரு. அதைவிடப் பெரிய சத்துரு மீன் நடை. மளிகை ஏற்றும் வண்டியைக் குளச்சலுக்கோ தேங்காப்பட்டணத்துக்கோ மீன் ஏற்ற வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள்; வருமானம் வேண்டியதுதான். ஐஸ் உருகி, உப்பும் மீன் கழிவும் கலந்த தண்ணீர் பலகை இடுக்கு வழியாக நேரே பின் அச்சின் மேல் சொட்டுகிறது. கமான் பட்டைக்கும் யு-போல்ட்டுக்கும் சீலுக்கும் அதுபோல் கேடு வேறில்லை. மீன் நடை முடிந்த அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவிவிட வேண்டும். கழுவியும் பச்சை மீன் வாடை போகாத வண்டியில் மறுநாள் அரிசி ஏற்றுவதைப் பற்றி இங்கே பேசவில்லை. அது வேறு பாடம்.

பிரிக்காமலே பார்ப்பது

பேரிங் திடீரென்று கெடுவது அபூர்வம். முதலில் சத்தம் கொடுக்கும், பிறகு சூடாகும், பிறகு கிரீஸ் உருகி வழியும், அதன் பிறகே ரோலர் இறுகிப் பிடித்து அச்சின் கழுத்தைத் தின்னத் தொடங்கும். சூடு முற்றினால் கிரீஸ் தீப்பிடித்து டயரும் எரிவதுண்டு. இந்தப் படிகளில் முதல் இரண்டில் கண்டுபிடித்தால் செலவு சில நூறு ரூபாய். கடைசிப் படியில் அச்சையே மாற்ற வேண்டியிருக்கும். வழியில் சாய்ந்த சரக்கும், எதிரே வந்தவர் கதியும் இந்தக் கணக்கில் வராது.

சத்தம் என்றால், வேகம் கூடக் கூட ஒரு 'ஊம்' என்ற முனகல். டயர் சத்தமா பேரிங் சத்தமா என்ற சந்தேகம் வந்தால், காலியான சாலையில் மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பார்க்க வேண்டும். வளைக்கும்போது ஒரு பக்கம் சத்தம் கூடி, மறுபக்கம் குறைந்தால் பெரும்பாலும் பேரிங்தான். வளைவில் பாரம் எந்தச் சக்கரத்தின் மேல் சாய்கிறதோ அதுவே சந்தேகத்துக்குரியது.

சூட்டைப் பார்க்க, 15, 20 கிலோமீட்டர் ஓடி வந்து நின்றதும் புறங்கையை ஹப்பின் அருகே கொண்டுபோனால் தெரியும். எடுத்த எடுப்பில் தொட வேண்டாம், சுட்டுவிடும். இளஞ்சூடு இயல்பு. ஒரே அச்சின் இடது, வலது இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் அங்கே பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எதுவானாலும் அடுத்த நடைக்கு முன் பார்க்க வேண்டியதே. டிரைவர் டீ குடிக்க இறங்கும்போது செய்யக்கூடிய வேலை இது. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

மாதம் ஒரு முறை சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கலாம். சமதரையில், மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் உறுதியான தாங்கு கட்டை வைத்த பிறகே கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவரைத் தடுப்பது முதலாளியின் கடமை. சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து, 12 மணியிலும் 6 மணியிலும் பிடித்து அசைத்தால், 'கடக்' என்ற தெளிவான ஆட்டம் இருந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. முன் சக்கரத்தில் 9 மணி, 3 மணி வாக்கில் மட்டும் ஆடினால் ஸ்டீரிங் இணைப்புகளையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கமான் பட்டையின் மேல் கை வைத்தால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு விரலில் தெரியும்.

சக்கரத்தின் உள்பக்கத்தையும் குனிந்து பார்க்க வேண்டும். அங்கே கிரீஸ் வழிந்திருந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். அந்தக் கிரீஸ் அடுத்துப் போகும் இடம் பிரேக் டிரம். அதன் பிறகு பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இறக்கத்தில் அது ஆளையே கொண்டுபோய்விடும்.

பிரித்தால் செய்ய வேண்டியது

மெக்கானிக் ஹப்பைக் கழற்றும்போது நாமோ, நம்பிக்கையான ஒருவரோ அருகில் இருப்பது நல்லது. கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, நூல் உதிராத துணியால் துடைக்க வேண்டும். சில பட்டறைகளில் காற்றுக் குழாயைப் பிடித்து பேரிங்கை விர்ரென்று சுற்றவிட்டு வேடிக்கை காட்டுவார்கள். ரோலர் தெறித்துக் கண்ணில் அடிக்கும்; வறண்ட பேரிங்கும் கீறிப்போகும். வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கழுவியதை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ரோலரும் பாதையும் கண்ணாடி போல இருந்தால் மறுபடி பயன்படுத்தலாம். நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் உலோகத்தின் பதம் போய்விட்டது. அம்மைத் தழும்பு போலக் குழிகள், செதில் உரிதல், துரு, ரோலர் இடைவெளியில் சம தூரத்தில் கோடுகள் — எது இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். அப்போது கோனை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கப்பை அப்படியே விடுவது பல இடங்களில் நடக்கிறது. கப்பை எடுப்பது சிரமமான வேலை என்பதால் மனம் வருவதில்லை. இரண்டும் ஜோடியாகத் தேய்ந்தவை; புதுக் கோன் பழைய கப்பில் ஓடினால் சீக்கிரமே அதுவும் போய்விடும். சீலை ஒவ்வொரு முறையும் புதிதாகவே போட வேண்டும். காட்டர் பின்னும் அப்படியே. அதற்குப் பதிலாக ஆணியை வளைத்துச் சொருகும் பழக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது.

இனி கிரீஸ். கடையில் 'கிரீஸ்' என்று கேட்டால் கிடைப்பதெல்லாம் ஒன்றல்ல. கமான் பட்டைக்கும் ஷாக்கிள் பின்னுக்கும் அடிக்கும் சேசிஸ் கிரீஸ் சுண்ணாம்புச் சோப்புக் கலவை. தண்ணீரைத் தாங்கும், ஆனால் ஹப்பின் சூட்டில் இளகி ஓடிவிடும். சோடா வகைக் கிரீஸ் சூட்டைத் தாங்கும், தண்ணீரில் கரையும். ஹப்புக்கு வேண்டியது லித்தியம் வகை வீல் பேரிங் கிரீஸ். 2 அல்லது 3 என்று டப்பாவில் எண் போட்டிருக்கும். அது கெட்டித்தன்மையின் அளவு. எந்த எண் என்பதை வண்டியின் கையேடு சொல்லும். முக்கியமாக, ஒரு வகையின் மேல் இன்னொரு வகையைச் சேர்க்கக் கூடாது. சில வகைகள் கலந்தால் இரண்டும் கெட்டு நீர்த்துப்போகும். ஆகவே பழையதை முழுக்க வழித்துக் கழுவிய பிறகே புதியது.

வைக்கும் முறையும் உண்டு. உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸ் எடுத்து, கோனின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். மறுபக்கம் ரோலர் இடுக்குகளில் கிரீஸ் புழுவாக எட்டிப் பார்க்கும் வரை, சுற்றிலும். மேலே தடவிவிட்டால் போதாது. பேரிங் நிறைய இருக்கட்டும். ஆனால் ஹப்பின் உள்ளறையை முழுக்க அடைக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். நிறைய அடைத்தால் நல்லது என்று நினைப்பது நம் மக்களின் தாராள மனது. ஆனால் அடைத்த கிரீஸ் கடைந்து கடைந்து சூடாகி, விரிந்து, சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்கில் போய் விழும். நிப்பிள் உள்ள டிரெய்லர் ஹப்பில் கன் வைத்து அளவில்லாமல் அடிப்பதற்கும் இதே பலன்தான்.

நட்டை இறுக்குவதில்தான் தேர்ந்த கை தெரியும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை நன்றாக இறுக்கி, ரோலர்களைத் தம் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். பிறகு தளர்த்தி, மறுபடி கைவிரலால் மட்டும் திருகி, பின் சொருகும் துளை நேராகும் இடத்தில் நிறுத்த வேண்டும். சக்கரம் தடையின்றிச் சுற்ற வேண்டும். கைக்கு மட்டும் தெரியும் மிக நுண்ணிய ஆட்டம், ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குக்கும் குறைவாக, இருக்கலாம். வண்டிக்கு வண்டி இந்த அளவு மாறும். கையேட்டில் இருப்பதே இறுதி. 'டைட்டாக இருந்தால் பத்திரம்' என்பது இங்கே பொய். இம்மி தளர்ந்த பேரிங் பல காலம் ஓடும். இறுகிய பேரிங் ஒரே நடையில் எரிந்துபோகும்.

அச்சு

அச்சு பெரும்பாலும் தானாக முறிவதில்லை, நாம் முறிக்கிறோம். கமான் பட்டையை அச்சோடு கட்டும் யு-போல்ட் தளர்ந்தால், அச்சு இடம் நகர்ந்து, வண்டி நண்டு போலச் சாய்ந்து ஓடும். சமதரையில் நிறுத்தி, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் நாடா பிடித்தால் வேற்றுமை தெரிந்துவிடும். டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அச்சு வளைந்திருக்கலாம்.

டிரெய்லர் அச்சில் விரிசல் கண்டால் வெல்டிங் வைத்து ஓட்டுவது நம் பக்கத்தில் சாதாரணம். சட்டத்தில், பலகையில் வெல்டிங் வைப்பது வேறு. பேரிங் உட்காரும் கழுத்தில் வைப்பது வேறு. பதப்படுத்திய எஃகைச் சுட்டால், ஒட்டின ஓரத்தில் பதம் மாறி அங்கேயே மறுபடி விரியும். கழுத்து விரிந்த அச்சை மாற்றத்தான் வேண்டும். இன்னொன்று: வண்டியின் பாடியில் எங்கே வெல்டிங் வைத்தாலும் எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே மாட்டச் சொல்ல வேண்டும். சக்கரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து, ரோலரில் பொரிப் பொரியாகக் குழி விழும்.

பொருள் வாங்கும்போது

போலிச் சரக்கு நம் தொழிலுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. பேரிங்கிலும் பேர் போன கம்பெனிகளின் பெட்டியைப் போலவே அச்சடித்த போலிகள் நாடெங்கும் புழங்குகின்றன. பழைய பேரிங்கைப் பாலிஷ் போட்டுப் புதுப் பெட்டியில் அடைப்பதும் உண்டு. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால், பில் தரத் தயங்கினால், பெட்டியின் எண்ணும் பேரிங்கில் பொறித்த எண்ணும் ஒத்துப் போகாவிட்டால் வாங்க வேண்டாம். சில பெரிய கம்பெனிகள் போலியைச் சோதிக்கக் கைப்பேசிச் செயலியே வெளியிட்டிருக்கின்றன. நம் கடையில் பில் கேட்கும் வாடிக்கையாளரை நாம் மதிப்பது போல, நாமும் கேட்டு வாங்கினால் கடைக்காரர் வருத்தப்பட மாட்டார்.

எப்போது செய்வது

மழைக்கு முந்திச் செய்வதே நம் ஊருக்குப் பொருத்தம். மே 5, வணிகர் தினம்; கடைக்கு விடுமுறை. வண்டிக்கும் சரக்கு நடை இல்லை. மாநாட்டுக்குப் போகாதவர்கள் அந்த நாளையொட்டி வண்டியை ஒர்க் ஷாப்பில் விட்டால், இடவப்பாதி தொடங்குமுன் ஹப்புகள் புதுக் கிரீஸோடு தயாராகிவிடும். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எப்.சி. காட்ட வேண்டியிருக்கிறது. எப்.சி.க்காகப் பெயிண்ட் அடித்து, விளக்குப் போட்டு வண்டியை மினுக்குகிறோம். அந்தச் செலவோடு பேரிங்கையும் சேர்த்துவிட்டால் தனியாக நாள் வீணாகாது.

பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் வண்டிக்கென்று ஒரு பத்தி ஒதுக்கலாம். தேதி, கிலோமீட்டர், எந்தச் சக்கரம், மாற்றிய பேரிங்கின் எண், கிரீஸின் வகை. இவ்வளவு எழுதி வைத்தால் டிரைவர் மாறினாலும் மெக்கானிக் மாறினாலும் விவரம் கடையிலேயே இருக்கும். வண்டியை விற்கும்போது அந்தப் பக்கத்தைக் காட்டினால் விலை பேசவும் உதவும்.

ஓடாமல் நிற்கும் டிரெய்லரையும் மறக்க வேண்டாம். மழைக்காலம் முழுவதும் ஒரே இடத்தில் நின்றால், கிரீஸ் அடியில் இறங்கி, மேல்பக்க ரோலர்கள் ஈரத்தில் துருப்பிடிக்கும். அதிர்வும் இதே போலக் கெடுக்கும். 1930-களில் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரிலிருந்து ரயிலில் ஏற்றிப் போன புத்தம் புதுக் கார்கள், இறக்கும்போதே சக்கர பேரிங்கில் வரிவரியாகப் பள்ளத்தோடு வந்தன. சக்கரம் சுற்றாமல் பல நாள் ரயிலில் குலுங்கிக்கொண்டே போனதுதான் காரணம். நிற்கும் டிரெய்லரைப் பாரம் இல்லாமல் நிறுத்தி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சில மீட்டர் முன்னும் பின்னும் இழுத்துவிட வேண்டும்.

பேரிங் வேலை முடிந்து வண்டி வெளியே வந்ததும் 80, 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வரிசையாக அல்ல, எதிரெதிராக. புதுப் பேரிங் போட்டிருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஆட்டத்தையும் ஒரு முறை சோதிக்க வேண்டும். அதற்கு ஒர்க் ஷாப்காரர் தனியாகக் காசு வாங்குவதில்லை. நாம்தான் வண்டியை அங்கே கொண்டுபோவதில்லை.